தரம் 1 அனுமதி, தரம் 5 வெட்டுப்புள்ளி: யாழ். முஸ்லிம் பெற்றோரும் தீவகப் பெற்றோரும் அறிய வேண்டியவை

ஒவ்வொரு வருடமும் கல்வி அமைச்சின் தரம் 1 அனுமதிச் சுற்றுநிருபம் வெளிவந்ததும் எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கும். "சேர், எங்கட வீட்டிலயிருந்து அந்தப் பள்ளிக்கூடம் ஒரு கிலோமீற்றரும் இல்லை. பேர் வரேல்லை. ஏன்?" என்பார் ஒருவர். "மகன் வெட்டுப்புள்ளிக்கு மேல எடுத்தவன், கேட்ட பள்ளிக்கூடம் கிடைக்கேல்லை" என்பார் இன்னொருவர். "புத்தளத்தில படிச்ச பிள்ளையை ஓ.எல். முடிய இங்க கொண்டு வந்தால் கம்பஸுக்கு எந்த மாவட்டம்?" என்பார் மூன்றாமவர்.

மூன்றும் வெவ்வேறு கேள்விகள் போலத் தெரியும். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே விடயம்தான். எங்கே கோடு போடப்படுகிறது, அந்தக் கோட்டுக்குள் எம் பிள்ளை இருக்கிறதா என்பதே அது. நான் ஆசிரிய கலாசாலையில் பயிற்சி பெற்று, இப்போது தினமும் பண்ணைப் பாலம் கடந்து மண்டைதீவுப் பக்கம் கற்பிக்கப் போகும் ஆசிரியர். யாழ்ப்பாணத்தில் மீளக்குடியேறிய எமது சமூகத்தின் பிரச்சினையையும் தீவகத்துத் தமிழ்ப் பிள்ளைகளின் பிரச்சினையையும் ஒருசேரப் பார்க்கும் வாய்ப்பு அதனால் எனக்குக் கிடைத்திருக்கிறது. இரண்டும் பெரும்பாலும் ஒன்றே. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாடசாலைகள் எல்லாம் ஒன்றல்ல

முதலில் அடிப்படை. இலங்கையில் ஏறத்தாழ 10,000 அரசாங்கப் பாடசாலைகள் உள்ளன. அவற்றை நான்கு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு உட்பட எல்லாப் பிரிவும் உள்ளவை 1ஏபி. உயர்தரத்தில் கலை, வர்த்தகம் மட்டும் உள்ளவை 1சி. சாதாரண தரத்துடன் முடிபவை வகை 2. கீழ் வகுப்புகள் மட்டும் உள்ளவை வகை 3. விஞ்ஞானம் கற்பிக்கும் 1ஏபி பாடசாலைகள் நாடு முழுவதும் சுமார் ஆயிரம்தான். அதாவது பத்தில் ஒன்று.

இதைவிட இன்னொரு பிரிவும் உண்டு. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தத்தின் பின் பெரும்பாலான பாடசாலைகள் மாகாண சபைகளின் கீழ் வந்தன. ஒரு சிறு தொகைப் பாடசாலைகள் தேசிய பாடசாலைகளாக மத்திய அமைச்சின் கீழ் இருக்கின்றன. யாழ். இந்துக் கல்லூரி, யாழ். மத்திய கல்லூரி, வேம்படி மகளிர் கல்லூரி போன்றவை இவ்வகை. பெற்றோர் முண்டியடிப்பது இந்தச் சில பாடசாலைகளுக்குத்தான்.

டாக்டராக, பொறியியலாளராக வர விரும்பும் பிள்ளைக்கு 1ஏபி பாடசாலை கட்டாயம் தேவை. அது இல்லாத தீவில் பிறந்த பிள்ளை எப்போதோ ஒரு கட்டத்தில் ஊரை விட்டு வெளியே போயே ஆக வேண்டும். அதற்கு முறைமை மூன்று வாசல்களை வைத்திருக்கிறது: தரம் 1, தரம் 6, தரம் 12. ஒவ்வொரு வாசலிலும் வேறு வேறு கோடு.

தரம் 1: நூறு இடங்கள் எப்படிப் பிரிகின்றன?

ஒரு பாடசாலைக்கு விண்ணப்பங்கள் இடங்களை விட அதிகமாக வந்தால் பல வருடங்களாகப் பின்பற்றப்படும் பங்கீடு இது. அருகில் வசிப்போரின் பிள்ளைகளுக்கு 50 சதவீதம். அப்பாடசாலையின் பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு 25 சதவீதம். ஏற்கெனவே அங்கு கற்கும் பிள்ளைகளின் சகோதர சகோதரிகளுக்கு 15 சதவீதம். கல்வித்துறை நிறுவனங்களில் பணிபுரிவோரின் பிள்ளைகளுக்கு 5 சதவீதம். இடமாற்றம் பெற்ற உத்தியோகத்தர்களின் பிள்ளைகளுக்கு 4 சதவீதம். வெளிநாட்டிலிருந்து திரும்பியோரின் பிள்ளைகளுக்கு 1 சதவீதம்.

இப்போது இந்தப் பட்டியலை யாழ்ப்பாண முஸ்லிம் பெற்றோர் ஒருவரின் இடத்திலிருந்து வாசித்துப் பாருங்கள்.

1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். போர் 2009 இல் முடிந்த பின்னரே கணிசமானோர் திரும்பி வரத் தொடங்கினார்கள். இன்று தரம் 1 இல் பிள்ளையைச் சேர்க்கும் தாய் தந்தையரின் வயது பெரும்பாலும் முப்பதுகளில். அவர்கள் பாடசாலை போன காலம் முழுவதும் புத்தளத்திலோ, அநுராதபுரத்திலோ, நீர்கொழும்பிலோ, கொழும்பிலோ கழிந்தது. யாழ்ப்பாணத்தில் எந்தப் பாடசாலைக்கும் அவர்கள் பழைய மாணவராக இருக்க முடியாது. 25 சதவீத வாசல் அவர்களுக்கு மூடிக்கிடக்கிறது. குடும்பத்தின் மூத்த பிள்ளைக்கு இடம் கிடைக்காவிட்டால் இளைய பிள்ளைக்கு 15 சதவீத வாசலும் இல்லை.

எஞ்சுவது அருகில் வசிப்போருக்கான 50 சதவீதம். அதிலும் புள்ளி கொடுக்கும்போது கடந்த 5 வருட வாக்காளர் இடாப்பைப் பார்க்கிறார்கள். தாய் தந்தை இருவரின் பெயரும் தொடர்ந்து இருந்தால்தான் முழுப் புள்ளி. காணி உறுதி பிள்ளையின் பெற்றோர் பெயரில் இருந்தால் கூடுதல் புள்ளி, வாடகை ஒப்பந்தம் என்றால் குறைவு. மீளக்குடியேறியவர்களில் பலருக்கு மூத்தவாப்பாவின் பெயரிலுள்ள பிரிக்கப்படாத பங்கு உறுதிதான் கையில் இருக்கிறது. சிலருக்கு அதுவும் இல்லை, வாடகை வீடு. சிலரின் பெயர் இன்னும் புத்தளத்து இடாப்பில் இருக்கிறது, குடும்பம் இங்கே. வேறு சிலரின் பெயர் இங்கே இருக்கிறது, பிள்ளைகள் அங்கே.

சுற்றுநிருபத்தை எழுதியவர்கள் எம்மைத் தடுக்க வேண்டும் என்று எழுதவில்லை. கொழும்பிலும் கண்டியிலும் போலி முகவரி கொடுத்து இடம் பிடிப்போரைத் தடுக்கவே 5 வருட விதி வந்தது. ஆனால் இருபது வருடம் ஊரில் இல்லாத ஒரு சமூகத்தின் மீது அதே விதியை வைத்தால், வெளியேற்றத்தின் நட்டம் மூன்றாம் தலைமுறைக்கும் போய்ச் சேர்கிறது. 1990 இல் பிறந்தே இராத ஆறு வயதுப் பிள்ளை அதற்கு விலை கொடுக்கிறது.

அருகாமை என்பது கிலோமீற்றர் கணக்கல்ல

"ஒரு கிலோமீற்றரும் இல்லை, ஏன் கிடைக்கவில்லை" என்ற கேள்விக்கு வருகிறேன். சுற்றுநிருபத்தின்படி ஒரு பாடசாலைக்குப் பொதுவாக அந்த நிர்வாக மாவட்டம் முழுவதிலிருந்தும் விண்ணப்பிக்கலாம். அதனால் எல்லை மிகப் பெரிதாகத் தெரியும். உண்மையான எல்லை புள்ளி கொடுக்கும் இடத்தில் ஒளிந்திருக்கிறது. நீங்கள் கேட்கும் பாடசாலையை விட உங்கள் வீட்டுக்கு நெருக்கமாக, உங்கள் பிள்ளையைச் சேர்க்கக்கூடிய வேறு பாடசாலைகள் இருந்தால், அவை ஒவ்வொன்றுக்கும் புள்ளி வெட்டப்படும். தூரத்தை வீதி வழியாக அளப்பதில்லை. வரைபடத்தில் நேர்கோடாக அளக்கிறார்கள்.

ஆகவே பாடசாலைகள் நெருக்கமாக உள்ள நகரத்தில் 800 மீற்றர் தொலைவில் இருப்பவர், இடையில் நான்கு பாடசாலைகள் இருந்தால் புள்ளி இழப்பார். பாடசாலைகள் குறைந்த இடத்தில் இரண்டு கிலோமீற்றர் தொலைவில் இருப்பவர் ஒன்றும் இழக்காமல் போகலாம். உங்களுக்கு இடம் கிடைக்காதபோது தூரத்தில் உள்ள ஒருவருக்குக் கிடைத்ததும் "காசு கொடுத்திருப்பார்" என்று உடனே பேசுகிறோம். சில இடங்களில் முறைகேடு நடப்பதை நான் மறுக்கவில்லை. பல நேரங்களில் காரணம் இந்தக் கணக்குத்தான். ஆதாரமில்லாமல் ஒருவர் மீது பழி சொல்வதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

மண்டைதீவில் இந்த நேர்கோட்டுக்கு இன்னொரு முகம் உண்டு. தீவின் வடகரையில் நின்றால் யாழ்ப்பாண நகரம் கண்ணெதிரே தெரியும். வரைபடத்தில் நேர்கோடு போட்டால் குருநகர்ப் பக்கத்துப் பாடசாலைகள் மிக அருகில். ஆனால் கோடு கடலின் மேல் போகிறது. பிள்ளை பறந்து போவதில்லை. மண்டைதீவுச் சந்திக்கு வந்து, பண்ணைப் பாலம் ஏறி, நகரத்தைச் சுற்றித்தான் போக வேண்டும். இதற்கென்றே சுற்றுநிருபத்தில் ஒரு சலுகை உள்ளது. ஆறு, களப்பு, சதுப்பு நிலம், காடு போன்ற இயற்கைத் தடைகளால் இலகுவில் போக முடியாத பாடசாலைகளுக்குப் புள்ளி வெட்டக்கூடாது. தீவகப் பெற்றோரில் இதை அறிந்தவர்கள் மிகக் குறைவு. நேர்முகப் பரீட்சையில் கேட்டால்தான் கணக்கில் எடுப்பார்கள். கேட்காவிட்டால் வரைபடம் மட்டுமே பேசும். கிராம உத்தியோகத்தரிடம் வீதி வழித் தூரத்தையும் நேர்கோட்டுத் தூரத்தையும் குறிப்பிட்டு ஒரு கடிதம் எடுத்துக்கொண்டு போங்கள்.

அறியாமல் விட்ட இன்னொரு விதி

1960 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டமும் 1961 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டமும் உதவி பெறும் பாடசாலைகளை அரசுடைமையாக்கின. அப்போது கல்வி அமைச்சர் கலாநிதி பதியுத்தீன் மஹ்மூத். மிஷனரிமாரும் இந்து அமைப்புகளும் நடத்திய பல பாடசாலைகள் அரசின் கைக்கு வந்தன. அவ்வாறு பொறுப்பேற்ற பாடசாலைகளில், பொறுப்பேற்ற வேளையில் ஒவ்வொரு சமயத்தைச் சேர்ந்த பிள்ளைகளும் எந்த விகிதத்தில் இருந்தார்களோ அதைத் தரம் 1 அனுமதியின்போதும் கவனத்தில் கொள்ள வேண்டும் என்று சுற்றுநிருபம் சொல்கிறது.

அந்தக் காலத்தில் யாழ். நகரத்தில் எம் மூதாதையர் வாழ்ந்தார்கள். அவர்களின் பிள்ளைகள் ஏதாவது ஒரு பாடசாலையில் படித்திருப்பார்கள். எந்தப் பாடசாலையில் எத்தனை சதவீதம் என்பது ஒரு பதிவேட்டில் இருக்க வேண்டும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதைக் கேட்கலாம். விண்ணப்பம் ஒரு பக்கக் கடிதம்தான். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று பதில் சொல்ல வேண்டும். இதை ஒரு தனிப்பட்ட பெற்றோர் செய்வதை விட, பள்ளிவாசல் நிர்வாகமோ எமது சிவில் அமைப்புகளோ ஆரம்பப் பிரிவு உள்ள ஒவ்வொரு பாடசாலைக்கும் ஒரு முறை செய்து வைத்தால், அந்தத் தகவல் வருடா வருடம் எல்லோருக்கும் பயன்படும்.

தரம் 5: இரண்டு வெட்டுப்புள்ளிகள்

யாழ்ப்பாணத்தின் பெரிய பாடசாலைகள் பல தரம் 6 இல்தான் தொடங்குகின்றன. யாழ். இந்துக் கல்லூரி அப்படி. ஆகவே இங்கே தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைதான் பிரதான வாசல்.

பெற்றோரைக் குழப்புவது இரண்டு வெட்டுப்புள்ளிகள் இருப்பதுதான். முதலாவது, உதவிப்பணத்துக்கான தகுதி. அது மாவட்டத்துக்கும் மொழிமூலத்துக்கும் ஒன்றாகத் தீர்மானிக்கப்படுகிறது. குடும்ப வருமானமும் பார்க்கப்படும். இரண்டாவது, ஒவ்வொரு பிரபல பாடசாலைக்கும் தனித்தனியான வெட்டுப்புள்ளி. அதைத் தீர்மானிப்பது அந்தப் பாடசாலையை எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை இடம் உள்ளது என்பதே. முதலாவதைத் தாண்டிய பிள்ளை இரண்டாவதைத் தாண்டாமல் போகலாம். "வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்தும் கிடைக்கவில்லை" என்பதன் விளக்கம் இதுதான். பாடசாலைகளை விருப்ப வரிசையில் எழுதும்போது முதல் மூன்றையும் மிகப் போட்டியான பாடசாலைகளாகவே எழுதிவிட்டு ஒன்றும் கிடைக்காமல் இருப்பவர்களை வருடா வருடம் பார்க்கிறேன். கடந்த வருடங்களின் பாடசாலை வெட்டுப்புள்ளிகளைப் பார்த்து, ஒன்று உயரமாகவும், ஒன்று நிச்சயமாகக் கிடைக்கக்கூடியதாகவும் எழுதுங்கள்.

இந்தப் பரீட்சை எப்படிப் பிறந்தது என்பதை மறந்துவிட்டோம். 1940களில் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்தபோது, தேர்தல் தொகுதிக்கு ஒன்று என்ற எண்ணத்தில் மத்திய கல்லூரிகள் 54 உருவாக்கப்பட்டன. கிராமத்துக் கெட்டிக்காரப் பிள்ளையைப் பரீட்சை மூலம் தேர்ந்து, விடுதியில் தங்க வைத்து, உணவும் கொடுத்து, நகரத்துப் பணக்காரப் பிள்ளைக்குச் சமமாகக் கற்பிப்பதே அதன் நோக்கம். 1945 ஒக்டோபர் 1 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. தீவகத்துக்கும் ஒரு மத்திய கல்லூரி கிடைத்தது: வேலணை மத்திய கல்லூரி. ஊர்காவற்றுறைத் தொகுதியின் பிரதிநிதியாகவும் அரசாங்க சபையின் சபாநாயகராகவும் இருந்த சேர் வைத்திலிங்கம் துரைசுவாமியின் பெயரை அது இன்று தாங்கி நிற்கிறது.

கவனியுங்கள். அன்று பரீட்சை பிள்ளையைத் தீவுக்குள் இருக்கும் ஒரு நல்ல பாடசாலைக்கு இழுத்தது. இன்று அதே பரீட்சை பிள்ளையைத் தீவிலிருந்து நகரத்துக்கு இழுக்கிறது. 1990, 1991 இல் தீவக மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்தார்கள். அதன் பின் பலர் திரும்பவில்லை. பிள்ளைகள் குறைந்தார்கள், அதனால் ஆசிரியர் குறைந்தார்கள், அதனால் இருந்தவர்களும் பிள்ளைகளை நகரத்துக்கு அனுப்பினார்கள். ஒவ்வொரு வருடமும் மிகக் கெட்டிக்காரப் பிள்ளை போய்விட்டால் எஞ்சியிருக்கும் வகுப்பு எப்படி இருக்கும் என்பதை ஆசிரியர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எமது ஒஸ்மானியா கல்லூரியும் கதீஜா மகா வித்தியாலயமும் இதே நெருக்கடியில்தான் இருக்கின்றன.

மாவட்டம் என்ற பெரிய கோடு

1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்தது, அதன் பின் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. அப்போதும் கல்வி அமைச்சர் பதியுத்தீன் மஹ்மூத்தான். யாழ்ப்பாணத்தில் அது ஆறாத வடுவாக இருக்கிறது. அதேவேளை மன்னார், அம்பாறை போன்ற பின்தங்கிய மாவட்டங்களின் பிள்ளைகள், அவர்களில் முஸ்லிம் பிள்ளைகளும், பல்கலைக்கழகம் போக அது வழி திறந்தது. இரண்டையும் ஒப்புக்கொள்வதுதான் நேர்மை. இன்றைய முறையில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்பவும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகின்றன. பிள்ளையின் மாவட்டம் எது என்பது பெற்றோரின் பூர்வீகத்தைப் பொறுத்ததல்ல. உயர்தரப் பரீட்சைக்கு முந்திய 3 வருடங்கள் எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தது என்பதையே பார்க்கிறார்கள். புத்தளத்திலிருந்து சாதாரண தரம் முடித்துவிட்டு இங்கு வரும் குடும்பங்கள் அந்த வருடத்துப் பல்கலைக்கழக அனுமதிக் கைநூலை வாசித்து, இந்தக் கணக்கைப் போட்ட பின்னரே முடிவெடுக்க வேண்டும்.

மாவட்டக் கோடு ஒரு மாவட்டத்தையும் இன்னொரு மாவட்டத்தையும் சமப்படுத்தப் போடப்பட்டது. ஒரு மாவட்டத்துக்குள் உள்ள ஏற்றத்தாழ்வை அது பார்ப்பதில்லை. யாழ். மாவட்டத்தில் யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என ஐந்து கல்வி வலயங்கள் உள்ளன. தரம் 5 உதவிப்பண வெட்டுப்புள்ளியில் நல்லூரில் மூன்று ரியூஷனுக்குப் போகும் பிள்ளையும், கடல் கொந்தளித்தால் ஆசிரியர் படகேறி வரமுடியாத நெடுந்தீவுப் பிள்ளையும் ஒரே மாவட்டம், ஒரே புள்ளி. நயினாதீவிலும் மண்கும்பானிலும் எமது பள்ளிவாசல்கள் இருக்கின்றன. அங்கு ஒரு சில குடும்பங்களாவது நிலைத்து நிற்க வேண்டும் என்று ஆசைப்படுகிறோம். பிள்ளையின் படிப்புக்கு வழி இல்லாத இடத்தில் எந்த உம்மா இருப்பார்?

வேறு நாட்டில் செய்து பார்த்தது

இந்தப் பிரச்சினை எமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் 1960களின் பிற்பகுதியிலிருந்து, வெள்ளையின, கறுப்பினப் பிள்ளைகள் தனித்தனியே படிக்கும் நிலையை மாற்றுவதற்காக, எல்லைக்கு அப்பாலிருந்தும் பிள்ளைகளை ஈர்க்கும் சிறப்புப் பாடசாலைகளைத் தொடங்கினார்கள். காந்தப் பாடசாலை என்றே அவற்றுக்குப் பெயர். காலப்போக்கில் அவற்றில் சில கடும் பரீட்சைப் போட்டிக்குள் போயின. வேர்ஜீனியா மாநிலத்தின் பெயர்பெக்ஸ் பிரதேசத்தில் தோமஸ் ஜெபர்சன் விஞ்ஞான தொழில்நுட்ப உயர்பாடசாலை என்று ஒன்று உள்ளது. சில நடுநிலைப் பாடசாலைகளிலிருந்தே பெரும்பாலான பிள்ளைகள் அங்கு போய்க்கொண்டிருந்தார்கள். 2020 இல் நிர்வாகம் அனுமதிப் பரீட்சையை நிறுத்தி, ஒவ்வொரு நடுநிலைப் பாடசாலைக்கும் அதன் தரம் 8 மாணவர் தொகையில் 1.5 சதவீதத்துக்குச் சமமான இடங்களை ஒதுக்கியது. ஆசியப் பெற்றோர் பலர் தங்கள் பிள்ளைகளின் உழைப்பு மதிக்கப்படவில்லை என்று வழக்குத் தொடர்ந்தார்கள். மேன்முறையீட்டு நீதிமன்றம் 2023 இல் புதிய முறை செல்லும் என்றது. 2024 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அவ்வழக்கை எடுக்க மறுத்தது.

அந்தப் பெற்றோரின் மனக்குறையும் எனக்கு விளங்குகிறது. பரீட்சையை நிறுத்துங்கள் என்று நான் இங்கு கேட்கவில்லை. அதில் ஒரு யோசனை மட்டும் எமக்குப் பொருந்தும்: கோட்டை மாவட்டத்தைச் சுற்றிப் போடாமல், பாடசாலையைச் சுற்றிப் போடுவது. தீவக வலயத்தின் ஒவ்வொரு ஆரம்பப் பாடசாலையிலும் புலமைப்பரிசில் பரீட்சையில் முதலாவதாக வரும் பிள்ளைக்கு, புள்ளி குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால், ஒரு 1ஏபி பாடசாலையில் விடுதியுடன் கூடிய இடம். ஒரு வகுப்பில் 6 பிள்ளைகள் மட்டுமே இருந்தாலும் அந்த ஒரு இடம் இருக்கிறது என்று தெரிந்தால், பெற்றோர் பிள்ளையைத் தரம் 1 இலேயே நகரத்துக்குக் கொண்டு ஓட மாட்டார்கள். தரம் 5 வரை ஊர்ப் பாடசாலை உயிரோடு இருக்கும். பரீட்சையும் இருக்கும், திறமையும் பார்க்கப்படும்.

2016 அளவில் "அருகிலுள்ள பாடசாலை சிறந்த பாடசாலை" என்று ஒரு திட்டம் வந்தது. அது நல்ல சொல். கட்டடங்கள் எழுந்தன. ஆனால் கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்க ஆசிரியர் இல்லாத கட்டடம் எப்படிச் சிறந்த பாடசாலையாகும்? 2025 செப்டெம்பரில் மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. சந்தோஷம்தான். மைதானத்துக்காக வீதி திருந்தும்போது, அதே வீதியில் காலையும் மாலையும் நேரத்துக்கு ஓடும் ஒரு பாடசாலை பஸ்ஸையும் கேட்க வேண்டிய சந்தர்ப்பம் இது.

நாம் செய்யக்கூடியவை

பெற்றோருக்கு: பிள்ளை பிறந்த வருடத்திலேயே வாக்காளர் இடாப்பில் இருவரின் பெயரும் நீங்கள் உண்மையில் வசிக்கும் முகவரியில் உள்ளதா என்று பாருங்கள். ஐந்து வருடம் என்பது அன்றே தொடங்குகிறது. மின்சார, தண்ணீர்ப் பட்டியல்களை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். வாடகை வீடென்றால் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையிலுள்ள பாடசாலைகளை எண்ணுங்கள். இடம் கிடைக்காவிட்டால் தற்காலிகப் பெயர்ப் பட்டியல் வெளியானதும் குறித்த நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். அதற்கும் ஆவணம்தான் பேசும். புள்ளி விபரங்கள் வருடத்துக்கு வருடம் மாறக்கூடியவை, ஆகவே அந்த வருடத்துச் சுற்றுநிருபத்தையே வாசியுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உறவினர் வீட்டு முகவரியில் பொய்யாகப் பதிவது, இல்லாத வாடகை ஒப்பந்தம் எழுதுவது இன்று கெட்டித்தனமாகப் பேசப்படுகிறது. பொய்ச் சாட்சியத்தை எமது மார்க்கம் பெரும்பாவங்களில் ஒன்றாகச் சொல்கிறது. கண்டுபிடிக்கப்பட்டால் அனுமதி ரத்தாகும். கண்டுபிடிக்கப்படாவிட்டால் இன்னொரு பிள்ளையின் இடம் போகும், அது பெரும்பாலும் எம்மை விட ஏழையான ஒரு வீட்டுப் பிள்ளையாக இருக்கும்.

பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் தனவந்தர்களுக்கும்: வருடத்தில் ஒரு ஜும்ஆவின் பின் ஒரு மணித்தியாலம் ஒதுக்கி, விண்ணப்பப் படிவம் நிரப்ப உதவுங்கள். உறுதி, ஒப்பந்தம் பார்க்க ஒரு சட்டத்தரணியை அழையுங்கள். அதைவிடப் பெரிய வேலை ஒன்று இருக்கிறது, அது விடுதி. நயினாதீவிலிருந்தோ மன்னாரிலிருந்தோ வரும் பிள்ளைக்கு, குறிப்பாகப் பெண் பிள்ளைக்கு, ஹலால் உணவும் தொழுகைக்கு இடமும் மாலையில் படிக்க ஒரு மேசையும் உள்ள விடுதி யாழ். நகரில் இருந்தால், பல வீடுகளில் சாதாரண தரத்துடன் நின்றுபோகும் படிப்பு தொடரும். ஸகாத், ஸதகா நிதியில் இதற்கு இடமுண்டா என்பதை உலமாக்கள் சொல்லட்டும். ஒரு கட்டில் இரண்டு கட்டில் மிஞ்சினால் அதைத் தீவகத்துத் தமிழ்ப் பிள்ளைக்கும் கொடுப்போம்.

அதிகாரிகளுக்கும் அரசியல்வாதிகளுக்கும் மூன்று கோரிக்கைகள். ஒன்று, 1990 இல் வெளியேற்றப்பட்டுத் திரும்பிய குடும்பங்களுக்கு வாக்காளர் இடாப்பு வருடங்களில் தளர்வு வேண்டும். பெற்றோர் வெளியேற்றத்தால் படிக்க முடியாமல் போன பாடசாலையில் மூத்தவாப்பாவோ மூத்தம்மாவோ படித்திருந்தால் அதைப் பழைய மாணவர் வகைக்குள் ஏற்க வேண்டும். இரண்டு, தரம் 5 பரீட்சையில் அதிகஷ்டப் பிரதேசப் பாடசாலைகளுக்குப் பாடசாலை வாரியான ஒதுக்கீடு. மூன்று, வேலணையில் கன்னங்கரா காலத்து எண்ணத்தை மீண்டும் எழுப்புவது: விஞ்ஞான ஆசிரியர்களும் இயங்கும் விடுதியும் உள்ள ஒரு பாடசாலையைத் தீவகத்துக்குள்ளேயே நிலைநிறுத்துவது.

முதலாவது கோரிக்கை எம்முடையது போலவும் மற்ற இரண்டும் தீவகத்துத் தமிழ் மக்களுடையது போலவும் தோன்றலாம். ஆனால் கல்வித் திணைக்களத்தின் கதவை இரு சாராரும் ஒன்றாகத் தட்டினால்தான் திறக்கும். அவர்களும் 1990 இல் ஊரை விட்டுப் போனவர்கள்தான். அவர்களுடைய பாடசாலையிலும் பிள்ளைகள் குறைகிறார்கள். தரம் 1 சுற்றுநிருபம் அடுத்த முறை வருவதற்கு முன், யாழ். நகரப் பள்ளிவாசல் பிரதிநிதிகளும் தீவகப் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும் ஒரு மேசையில் அமர்ந்து இந்த மூன்றையும் ஒரே கடிதமாக எழுதலாம். யாராவது அழைத்தால் சுற்றுநிருபத்தின் பிரதியுடன் நானும் வரத் தயார், இன்ஷா அல்லாஹ்.